ஜூஜூவாடி செக்போஸ்ட்டும் ஒரு கணக்குப்பிள்ளையும்

பெங்களூர்ல இருந்து ஓசூர் வர்றவங்களுக்கு அத்திப்பள்ளி தாண்டினதும் ஜூஜூவாடி. தமிழ்நாட்டோட வாசப்படி. 2017 ஜூன் வரைக்கும் இங்க வணிகவரித் துறை செக்போஸ்ட் இருந்தது. பில்லைக் காட்டணும், சீல் வாங்கணும், அதுக்கு அப்புறம்தான் லாரி நகரும். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தது, அந்த வரிச்சோதனை போச்சு. எல்லாரும் கொண்டாடினோம், தப்பில்ல.

ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. முன்னாடி எல்லைல ஒரு மேசை, ஒரு லெட்ஜர், ஒரு கையெழுத்து இருந்தது. இப்ப அந்தக் கணக்கு ஏதோ ஒரு டேட்டாசென்டர்ல இருக்கு. ஓசூர்ல செய்யற ஒரு மோட்டார் சைக்கிள் மகாராஷ்டிராவுக்குப் போனா எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வரி? மத்திய அரசு பிரிச்சுக் கொடுக்கறது சரியான பங்குதானான்னு யார் பார்க்கறாங்க?

பார்க்கறதுக்கு ஒரு ஆள் இருக்காரு. சி.ஏ.ஜி.ன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. சுத்தத் தமிழ்ல இந்தியக் கணக்குத் தணிக்கையாளர் மற்றும் தலைமைக் கணக்காயர். பேரு நீளம்தான், என்ன பண்றது :-) அவரோட கதையைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரங்களுக்கு இதுல கொஞ்சம் சொந்தமும் இருக்கு.

கணக்கு கொடுக்காதவனுக்குக் குடவோலை கிடையாது

உத்திரமேரூர் கல்வெட்டைப் பத்தி ஸ்கூல்ல படிச்சிருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம், பொ.ஆ. 919, 921. குடவோலைத் தேர்தல்னு சொல்லிக் கொடுத்துட்டு விட்டுடுவாங்க. அதுல இருக்கற ஒரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏற்கெனவே வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாம போனவங்க பேரை ஓலையில எழுதக் கூடாது. அவங்க பேரை மட்டுமில்ல, நெருங்கின உறவுக்காரங்க பேரையும் எழுதக் கூடாதுன்னு பட்டியலே போட்டிருக்காங்க.

பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டணும், காட்டலைன்னா தண்டனை உண்டு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊர்க்காரங்க இதைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. பின்னாடி வர்ற கதைக்கு இந்த 'தண்டனை உண்டு' சமாச்சாரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

பாராமகாலும் கேப்டன் ரீடும்

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1792-ல ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு சுல்தான் கைல இருந்த பாராமகால் (இன்னிக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போச்சு. ஓசூர் பக்கம் 1799-ல திப்பு இறந்ததுக்கு அப்புறம்தான் கம்பெனி கைக்கு வந்தது.

நிலம் கிடைச்சிடுச்சு, வரி எவ்வளவு போடறது? மெட்ராஸ்ல இருந்த சிவிலியன் அதிகாரிகளுக்கு உள்ளூர் பாஷையும் தெரியல, நிலவரமும் தெரியல. அதனால கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அப்படிங்கற ராணுவ அதிகாரியை அனுப்பினார். ரீடுக்கு உதவியாளர்கள்ல ஒருத்தர் தாமஸ் மன்றோ. ஆமா, சென்னையில குதிரை மேல உட்கார்ந்திருக்காரே, அதே மன்றோதான். பின்னாளில் மெட்ராஸ் கவர்னர்.

கிராமக் கணக்கு கர்ணத்தோட கைல. அவர் எழுதினதுதான் கணக்கு. சரிபார்க்க வேற வழி இல்ல. ரீட் கோஷ்டி என்ன பண்ணாங்கன்னா, நேரா வயலுக்குப் போய் ஒவ்வொரு நிலமா அளக்க ஆரம்பிச்சாங்க. ரயத்துவாரி முறைன்னு படிக்கறோமே, அது உருவானது இங்கதான். கம்பெனிக்கு விவசாயி மேல கரிசனம்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம், வசூலை விடக்கூடாதுங்கறதுதான் நோக்கம். ஆனா கணக்கு எழுதறவன் சொல்றதை அப்படியே நம்பாம, மூலத்துக்கே போய் சரிபார்க்கணுங்கற பழக்கம் நம்ம மண்ணுல இப்படி ஒரு ரூபத்துல வந்திருக்கு. (கர்ணம் பதவியை எம்.ஜி.ஆர். ஆட்சி 1980-ல ஒழிச்சுது. அதுக்கு அப்புறம் வந்தவங்கதான் வி.ஏ.ஓ.க்கள்.)

வெள்ளைக்காரன் காலத்து ஆடிட்டர்

1857 புரட்சிக்கு அப்புறம் 1858-ல கம்பெனி ஆட்சி முடிஞ்சு மகாராணி ஆட்சி வந்துச்சு. புரட்சியை அடக்கின செலவுல கஜானா காலி. 1860-ல எட்வர்ட் டிரம்மண்ட் முதல் ஆடிட்டர் ஜெனரல் ஆனார்.

ஒரு சிக்கல். செலவு பண்றதும் இந்திய அரசாங்கம், தணிக்கை பண்றதும் அதே அரசாங்கத்து ஆள். நம்ம பாஷையில சொன்னா, கோட் எழுதினவனே டெஸ்ட் பண்ணி அவனே சைன் ஆஃப் கொடுக்கற மாதிரி. 1919 சட்டம்தான் ஆடிட்டர் ஜெனரலை இந்திய அரசோட பிடியில இருந்து விலக்கி வச்சுது. 1935 சட்டம் இன்னும் ஒரு படி மேல போய் அவருக்கு நீதிபதி மாதிரி பாதுகாப்பு கொடுத்துச்சு.

1948 ஆகஸ்டுல அந்தப் பதவிக்கு முதல் இந்தியர் வந்தார், வி. நரஹரி ராவ். அப்ப கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? ராஜாஜி. ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளியில பிறந்தவர். 'கிருஷ்ணகிரிக்காரங்களுக்குச் சொந்தம்'னு மேல சொன்னேன்ல, இப்ப ரெண்டு சொந்தம் ஆச்சு :-)

ஒரே வீட்டுக்கு ஒரே கணக்குப்பிள்ளை

அரசியல் நிர்ணய சபையில 1949 மே 30-ம் தேதி இந்தப் பதவி பத்தி விவாதம் நடந்துச்சு. அரசியல் சட்டத்துலயே முக்கியமான அதிகாரி அநேகமா இவராத்தான் இருப்பார், இவரோட கடமை நீதித்துறையோட கடமையை விடவும் முக்கியம்ங்கற மாதிரி அம்பேத்கர் பேசினார். நீதித்துறைக்குக் கொடுத்த அளவு சுதந்திரம் இவருக்குக் கொடுக்கலையேன்னும் வருத்தப்பட்டார்.

இங்க பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. அரசியல் சட்ட வரைவுல மாநிலங்களுக்குன்னு தனித் தணிக்கைத் தலைவர் வச்சுக்க வழி இருந்தது. கடைசியில அதை எடுத்துட்டாங்க. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே சி.ஏ.ஜி. ஷரத்து 148-ல இருந்து 151 வரைக்கும் இவர் கதைதான்.

அமெரிக்காவுல இப்படி இல்ல. அங்க 1921-ல உருவான ஜி.ஏ.ஓ. அப்படிங்கற அமைப்பு மத்திய அரசோட பணத்தை மட்டும் பின்தொடரும். மாநிலங்கள் தங்களுக்குன்னு தனித் தணிக்கையாளர் வச்சிருக்காங்க. ஜி.ஏ.ஓ. தலைவருக்கு 15 வருஷப் பதவிக்காலம். நம்ம சி.ஏ.ஜி.க்கு 6 வருஷம் இல்ல 65 வயசு, எது முதல்ல வருதோ அது.

பேருல இருக்கற 'கம்ப்ட்ரோலர்' கொஞ்சம் பந்தா. பிரிட்டன்ல அந்தப் பதவிக்காரர் அனுமதி கொடுத்தாத்தான் கஜானாவுல இருந்து பணம் வெளிய வரும். நம்மூர்ல அப்படிக் கிடையாது. செலவு ஆனதுக்கு அப்புறம் வந்து பார்க்கற வேலைதான்.

ஒரே தணிக்கையாளர்ங்கறதுல லாபமும் இருக்கு, ஆபத்தும் இருக்கு. மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் பணத் தகராறு வந்தா, ரெண்டு பேரோட கணக்கையும் பார்த்த ஒரே ஆள் இவர்தான். ஷரத்து 279 என்ன சொல்லுதுன்னா, பங்கு போடற வரிகளோட நிகர வருவாய் எவ்வளவுன்னு சி.ஏ.ஜி. கொடுக்கற சான்றிதழே இறுதி. ஆனா அவரை நியமிக்கறது குடியரசுத் தலைவர், அதாவது நடைமுறையில மத்திய அரசு. தேர்வுக்குழு கிடையாது, தகுதி இன்னதுன்னு எழுதி வைக்கவும் இல்ல. மாநிலங்கள் கிட்ட யாரும் கேக்கறதும் இல்ல.

தேனாம்பேட்டையில என்ன நடக்குது

சென்னை அண்ணா சாலையில தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸ்னா எல்லாருக்கும் தெரியும். மாநிலத்துல சி.ஏ.ஜி.யோட கை அதுதான். சினிமாக்காரங்களுக்கு ஒரு துணுக்கு: இயக்குநர் கே. பாலசந்தர் நாடகம் போட்டுக்கிட்டிருந்த காலத்துல மெட்ராஸ் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியர்.

வேலை எப்படி நடக்கும்னா, ஆடிட் பார்ட்டி ஒரு ஆபீசுக்குப் போகும். சந்தேகம் வந்தா 'ஹாஃப் மார்ஜின்'னு ஒரு குறிப்பு. பக்கத்துல பாதி இவங்க கேள்வி, மீதிப் பாதி அந்த ஆபீஸ் பதில். திருப்தி இல்லைன்னா ஆய்வறிக்கை, அதுல பெருசானது வரைவுப் பத்தி, கடைசியா சட்டசபையில வைக்கற அறிக்கையில 'ஆடிட் பாரா'. அங்க இருந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். நாடாளுமன்றக் குழுவுக்கு 1967-ல இருந்து எதிர்க்கட்சிக்காரர் தலைவரா இருக்கறது மரபு.

இந்த வழியா வந்ததுதான் சென்னை வெள்ளம் பத்தின அறிக்கை. 2015 டிசம்பர் வெள்ளம், 2018 ஜூலையில சட்டசபையில அறிக்கை. இது மனுஷங்க உண்டாக்கின பேரிடர்னு அதுல எழுதியிருந்தாங்க. 2023 ஆகஸ்டுல தென்மாநிலச் சுங்கச்சாவடிகள் பத்தி ஒரு அறிக்கை. பரனூர் உட்பட அஞ்சு சாவடிகள்ல விதியை மீறி 132.05 கோடி ரூபாய் வசூல் ஆயிருக்குன்னு சொல்லுச்சு. கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டிப் போறவங்க அந்த அறிக்கையை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.

51 சதவீத மர்மம்

ஓசூரோட அடையாளம் டைட்டன். 1984-ல டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. டிட்கோ பங்கு சுமார் 28 சதவீதம். டிட்கோ கணக்கு சி.ஏ.ஜி. தணிக்கைக்குள்ள வரும். டைட்டன் வராது. ஏன்னா அரசுப் பங்கு 51 சதவீதத்துக்குக் குறைவு, சட்டப்படி அது அரசு நிறுவனம் இல்ல. வாட்ச் செய்யற கம்பெனிக்கு இது நியாயமான கோடுதான். அதுக்குப் பங்குச்சந்தை இருக்கு, செபி இருக்கு, பங்குதாரர்கள் இருக்காங்க.

அதே 51 இன்னொரு இடத்துல வந்து நிக்குது பாருங்க. ஜிஎஸ்டி முழுசும் ஓடறது ஜிஎஸ்டிஎன் அப்படிங்கற கம்பெனி வழியா. 2013-ல உருவாக்கினப்போ மத்திய அரசுக்கு 24.5 சதவீதம், மாநிலங்கள் எல்லாத்துக்கும் சேர்த்து 24.5 சதவீதம், மிச்சம் 51 சதவீதம் தனியார் நிதி நிறுவனங்களுக்கு. மென்பொருள் செஞ்சது நம்ம பக்கத்து எலெக்ட்ரானிக் சிட்டி இன்ஃபோசிஸ். நாட்டோட வரிக்கணக்கு மொத்தமும் இருக்கற இடம், ஆனா சட்டப்படி அரசு நிறுவனம் கிடையாது! முழு அரசு நிறுவனமா மாத்தணும்னு 2018-லதான் முடிவு எடுத்தாங்க.

சரி, டேட்டாவையாவது சி.ஏ.ஜி.க்குக் காட்டினாங்களா? 2019 ஜூலையில வந்த ஜிஎஸ்டி அறிக்கையில அவங்களே எழுதியிருக்காங்க, நாடு முழுக்க நடந்த பரிவர்த்தனைத் தரவுகளைப் பார்க்க தங்களுக்கு அனுமதி கிடைக்கலைன்னு. இன்வாய்ஸ் பொருத்திப் பார்க்கற வசதி ரெண்டு வருஷம் ஆகியும் வரலைன்னும் அதுல இருக்கு. முழு டேட்டாவைக் காட்டலாம்னு முடிவானது 2020-லதான்.

டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கறவங்களுக்கு இதோட அர்த்தம் புரியும். ஆடிட்டருக்கு ரீட் ஒன்லி அனுமதி கூட இல்லாம நாலு ஃபைலை பிரிண்ட் எடுத்துக் கொடுத்து சரி பாருன்னா, அவர் எதைப் பார்ப்பார்? வயலை அளக்க விடாம கர்ணம் நோட்டை மட்டும் காட்டற கதைதான். 1792-ல கேப்டன் ரீடுக்கு இருந்த வசதி கூட இல்ல!

4,073 கோடி

இவ்வளவு தேவையா, கணக்குதானேன்னு கேக்கறவங்களுக்கு ஒரு உதாரணம்.

ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்குச் சரக்கு போனா ஐஜிஎஸ்டி. அதை மத்திய அரசு வசூல் பண்ணி, சரக்கு எங்க போய்ச் சேருதோ அந்த மாநிலத்தோட பங்கைக் கொடுக்கணும். 2017-18-ல இப்படிப் பிரிக்காம மிச்சம் இருந்த தொகையை, மத்திய அரசு நிதிக்குழு சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பங்கு போட்டுடுச்சு. நிதிக்குழு சூத்திரம்னா மக்கள்தொகை, வருமான இடைவெளி இதெல்லாம் வச்சுப் போடறது. அதுல அப்ப தமிழ்நாட்டோட பங்கு 4.023 சதவீதம்தான். நிறைய வாங்கி நுகரற மாநிலத்துக்கு இது நஷ்டம். இப்படிப் பண்ணது சட்டப்படி சரியில்லைன்னு சி.ஏ.ஜி. எழுதினார்.

அந்த வருஷ ஐஜிஎஸ்டி பாக்கின்னு தமிழ்நாடு கேட்டது 4,073 கோடி ரூபாய். எடப்பாடி பழனிசாமி முதல்வரா இருந்தப்போ மத்திய அரசுக்கு எழுதின கடிதங்கள்ல இந்த எண் திரும்பத் திரும்ப வரும். 2020 அக்டோபர்ல ஜிஎஸ்டி கவுன்சில், குறைவா வாங்கின மாநிலங்களுக்கு சுமார் 24,000 கோடி கொடுக்கறதா முடிவு பண்ணுச்சு. மாநிலம் மட்டும் கத்தியிருந்தா 'அரசியல்'னு ஒதுக்கியிருப்பாங்க. தணிக்கை அறிக்கையிலயும் அதே விஷயம் இருந்ததால ஒதுக்க முடியல.

இன்னொண்ணு, இழப்பீட்டு வரி. ஜிஎஸ்டியால வருமானம் குறையற மாநிலங்களுக்கு, 2015-16-ஐ அடிப்படையா வச்சு வருஷம் 14 சதவீத வளர்ச்சின்னு கணக்குப் போட்டு, 2022 ஜூன் வரைக்கும் அஞ்சு வருஷம் ஈடு கட்டறதா வாக்குறுதி. அதுக்குன்னு வசூலிச்ச செஸ் பணத்துல 2017-18, 2018-19 ரெண்டு வருஷத்துலயும் சேர்த்து 47,272 கோடி ரூபாய், இழப்பீட்டு நிதிக்குப் போகாம மத்திய அரசோட தொகுப்பு நிதியிலயே தங்கிடுச்சுன்னு 2020 செப்டம்பர்ல சி.ஏ.ஜி. அறிக்கை சொல்லுச்சு. நிதி அமைச்சகம் 'திருப்பி விடலை, கணக்கு சரிபார்ப்புல இருந்த தொகை'ன்னு பதில் கொடுத்தது. கொரோனா நேரம், இழப்பீடு வரலைன்னு மாநிலங்கள் தவிச்சுக்கிட்டு இருந்தப்பதான் இது வெளிய வந்துச்சு.

இதுல கத்திக்கு ரெண்டு பக்கமும் கூர் உண்டு. இறுதி இழப்பீடு வாங்க மாநிலக் கணக்குக்கும் ஏ.ஜி. சான்றிதழ் வேணும். 2023 பிப்ரவரியில கேரளம் சான்றிதழ் அனுப்பலைன்னு நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்துல சொன்னது ஞாபகம் இருக்கலாம். கணக்குக் காட்டற கடமை ரெண்டு பக்கத்துக்கும் இருக்கு.

குறைகளையும் சொல்லிடறேன்

சி.ஏ.ஜி. சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்ல. 2010 நவம்பர்ல வந்த 2ஜி அறிக்கையோட 1.76 லட்சம் கோடி எண் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டுச்சு. 2012-ல உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து பண்ணுச்சு. 2017 டிசம்பர்ல தனி நீதிமன்றம் ஆ. ராசா உட்பட எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. அந்த எண் ஒரு உத்தேச இழப்பு. 'இப்படி வித்திருந்தா இவ்வளவு வந்திருக்கும்'ங்கற மதிப்பீடு. அதைத் திருடின பணம்னு மேடையில பேசினது அரசியல்வாதிங்களும் டிவிக்காரங்களும். தணிக்கைங்கறது தீர்ப்பு இல்ல, கேள்வி. ஆனா அவ்வளவு பெரிய எண்ணைப் போடும்போது அது எப்படிப் படிக்கப்படும்னு யோசிக்கற பொறுப்பு எழுதறவங்களுக்கும் உண்டு.

ரெண்டாவது, நேரம். அறிக்கையைச் சபையில வைக்கணும்னு ஷரத்து 151 சொல்லுது. எத்தனை நாளுக்குள்ளன்னு சொல்லல! டெல்லியில 14 அறிக்கைகள் கிடப்புல கிடந்து, ஆட்சி மாறினதுக்கு அப்புறம் 2025 பிப்ரவரியிலதான் சபைக்கு வர ஆரம்பிச்சது.

மூணாவது, எண்ணிக்கை. மத்திய அமைச்சகங்கள், துறைகள் பத்தின அறிக்கைகள் 2015-ல 55. 2020-ல வெறும் 14. ஆர்டிஐ மூலமா வெளிய வந்த கணக்கு இது. கணக்குப் பார்க்கறவர் குறைவாப் பேச ஆரம்பிச்சா, தப்பு குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

உத்திரமேரூர்ல கணக்குக் காட்டாதவனுக்குத் தேர்தல்ல இடமில்ல. இன்னிக்கு ஆடிட் பாராவுக்கு வருஷக்கணக்குல பதில் சொல்லாத துறைக்கு என்ன தண்டனை? ஒண்ணும் இல்ல. சி.ஏ.ஜி.யால யாரையும் தண்டிக்க முடியாது. எழுதி வைக்கத்தான் முடியும். அந்த எழுத்தைப் படிக்கறவங்க இருந்தாத்தான் அதுக்கு மரியாதை.

அறிக்கைகள் எல்லாம் சி.ஏ.ஜி. இணையதளத்துல காசில்லாம கிடைக்குது. தூக்கம் வர்ற நடைதான், ஒத்துக்கறேன் ;-) முழுசாப் படிக்க வேண்டாம். உங்க மாவட்டப் பேரைப் போட்டுத் தேடுங்க. உங்க ஊர் ஏரி, பள்ளிக்கூடக் கட்டடம், ஆஸ்பத்திரி மருந்துன்னு ஏதாவது ஒரு பாரா மாட்டும். அதைப் பத்தி நாலு வரி உங்க பதிவுல எழுதுங்க மக்களே. ஜூஜூவாடியில வரி மேசையை எடுத்தாச்சு. கணக்கைக் கேக்கறதையும் நாம நிறுத்திட வேண்டாம்.